கரண்ட் போனாலும் கோப்பு போகக் கூடாது: லினக்ஸில் தரவை வட்டு வரை கொண்டுசேர்ப்பது எப்படி?

மாமாவின் மளிகைக் கடைக்குப் பைத்தானில் ஒரு சின்னக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் இரவு அன்றைய பற்றைச் சேமித்த கையோடு கரண்ட் போய்விட்டது. காலையில் பார்த்தால் கோப்பு இருக்கிறது, அளவு 0 பைட். 40 வீட்டுக் கடன் பாக்கி அதில்தான் இருந்தது. 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் காட்டியதும் என் நிரல்தான். உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது.

ஒரு நிரல் கோப்பில் எழுதுவது நேராக வட்டுக்குப் போவதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு "சரி, ஆச்சு" என்று சொல்லிவிடும். இப்படிக் காத்திருக்கும் நினைவகத் துண்டுகளுக்கு (பக்கங்களுக்கு) டர்ட்டி பேஜ் என்று பெயர். வழக்கமான அமைப்பில் கெர்னல் 5 நொடிக்கு ஒருமுறை எழுந்து பார்த்து, 30 நொடிக்கு மேல் கிடப்பவற்றை வட்டில் எழுதும். அதற்குள் மின்சாரம் போனால் போனதுதான்.

முதலில் இதைக் கண்ணால் பாருங்கள். பென்டிரைவைச் செருகி ஒரு பெரிய வீடியோவை நகலெடுங்கள், நகல் முடிந்தது என்று வந்ததும் டெர்மினலில் கேட் கட்டளை கொடுத்து, ப்ராக் கோப்புறைக்குள் இருக்கும் மெம்இன்ஃபோ கோப்பைத் திறந்து, 'டர்ட்டி', 'ரைட்பேக்' என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். அங்கே நிற்கும் எண்தான் இன்னும் போய்ச் சேராத தரவு. இப்போது சிங்க் என்று அடித்து என்டர் தட்டுங்கள். டிரைவின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், எல்லாம் எழுதி முடியும் வரை கர்சர் திரும்பி வராது. அப்புறம் அன்மவுண்ட் செய்து கழற்றுங்கள். அன்மவுண்டே மிச்சத்தையும் எழுதிவிடும் என்பதால், அது முடியும் வரை காத்திருந்தாலே போதும்.

இனி நிரல் எழுதுபவர்களுக்கு. பைத்தானில் இரண்டு தேக்கங்கள் உண்டு: பைத்தான் தனக்குள் வைத்திருப்பது ஒன்று, கெர்னல் வைத்திருப்பது இன்னொன்று. ஃப்ளஷ் அழைத்தால் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத்தான் போகும். வட்டுக்குத் தள்ளுவது ஓஎஸ் தொகுதியில் உள்ள எஃப்சிங்க். வரிசை மாறக் கூடாது, முதலில் ஃப்ளஷ், பிறகு எஃப்சிங்க். கோப்பை மூடினாலே வட்டுக்குப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள், போகாது.

நான் செய்த பெரிய தப்பு வேறு. பழைய கோப்பையே எழுதும் முறையில் திறந்தேன். திறந்த கணமே உள்ளே இருந்ததெல்லாம் வெட்டப்பட்டுவிடும், புதியது வட்டுக்கு வந்து சேரும் முன் கரண்ட் போனால் இரண்டும் இல்லை. சரியான வழி இது: அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பைத் திறந்து முழுத் தரவையும் எழுதுங்கள், ஃப்ளஷ், எஃப்சிங்க் இரண்டையும் அழைத்து மூடுங்கள், பிறகு ஓஎஸ் தொகுதியின் ரீப்ளேஸ் கொண்டு பழைய பெயருக்கு மாற்றுங்கள். வேறு வட்டில் வைத்தால் இந்தப் பெயர்மாற்றம் நடக்காது. கடைசியாக, பலர் விட்டுவிடுவது: கோப்பின் பெயர் கோப்புறையில்தான் பதிவாகிறது, எனவே கோப்புறையையும் வாசிக்கும் முறையில் திறந்து ஒரு எஃப்சிங்க் கொடுங்கள்.

எஃப்சிங்க் பிழை தந்தால் அதையே திரும்ப அழைத்துப் பார்க்காதீர்கள். லினக்ஸில் முதல் அழைப்பு தோற்று, தரவு தொலைந்த பிறகும், அடுத்த அழைப்பு வெற்றி என்று சொல்லக்கூடும். 2018-இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் உருவாக்குநர்கள் இதைக் கண்டு ஆடிப்போனார்கள். அதன்பின் எஃப்சிங்க் தோற்றாலே சர்வரை நிறுத்தி, மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டிலிருந்து தரவை மீட்கும்படி மாற்றினார்கள். நீங்களும் புதிய தற்காலிகக் கோப்பில் முதலிலிருந்து எழுதுங்கள்.

மேக் கணினியில் எஃப்சிங்க் மட்டும் போதாது, வட்டு தன் சொந்தத் தேக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அங்கே எஃப்சிஎன்டிஎல் என்ற அழைப்பு வழியாக ஃபுல்எஃப்சிங்க் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு வரிக்கும் எஃப்சிங்க் போட்டால் நிரல் ஊர்ந்துதான் போகும், ஒரு பில் முடிந்ததும் ஒருமுறை போடுங்கள். தரவு நிறைய என்றால் எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்துக்கு மாறிவிடுங்கள், இந்த வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். சோதிக்கும்போது நிரலைக் கில் செய்து பார்ப்பது உதவாது, கெர்னல் உயிரோடு இருப்பதால் அதன் கையில் இருக்கும் தரவு எப்படியும் வட்டுக்குப் போய்விடும். ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) நிரலை ஓடவிட்டு, அது எழுதிக்கொண்டிருக்கும்போதே மெஷினின் பவரை வெட்டி, மறுபடி பூட் செய்து கோப்பைத் திறந்து பாருங்கள்.