"குறிப்பை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்": படமும் எழுத்தும் சேர்த்துச் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படம் எடுத்து அதற்குக் கட்டுரையும் எழுதத் தொடங்கியவர்களின் வேலையைப் பார்க்கும்போதெல்லாம், என் பழைய பிழைகளே வேறொருவர் கையில் திரும்பி வருவது தெரிகிறது. பேட்டரி, மெமரி கார்டு, லென்ஸ் மூடி பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அவை ஒருமுறை அடிபட்டாலே தெரிந்துவிடும். தவறு என்றே தெரியாமல் வருடக்கணக்கில் தொடர்பவைதான் கவலை.

உந்துதலுக்காகப் படங்களைச் சேர்த்துக்கொண்டே இருப்பது

போனில் நானூறு படங்களைச் சேமித்து வைத்திருப்பார்கள்; ஒன்றைக்கூட இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டார்கள். அதில் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு மூன்று வரி எழுதுங்கள்: ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, கேமரா எந்த உயரத்தில் இருந்தது, எதைச் சட்டகத்துக்கு வெளியே விட்டிருக்கிறார்கள். பிறகு நடந்து போகிற தூரத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து, வெவ்வேறு நேரங்களில் மூன்று முறை போய் வாருங்கள். "உழைப்பு", "தனிமை" போன்ற தலைப்புகளோடு போனால் ஏற்கெனவே பார்த்த படங்களையே எடுத்து வருவீர்கள். "இந்தப் பட்டறையில் யாரும் பேசாமலே வேலை எப்படிக் கைமாறுகிறது?" என்று ஒரு கேள்வியோடு போனால், எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கேள்வியே சொல்லும்.

கருப்பு வெள்ளையாக்கி ஒப்பேற்றுவது

நிழலே விழாத, தட்டையான ஒளியில் எடுத்த படம், நிறத்தை எடுத்ததும் இன்னும் தட்டையாகும். வேண்டாம்.

குறிப்பைத் தள்ளிப்போடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். நாள் முழுக்க அறுநூறு படம் எடுப்பார்கள். நோட்டில் ஒரு வரி இருக்காது. கேட்டால், "படத்தைப் பார்த்தாலே எல்லாம் ஞாபகம் வந்துவிடும்" என்பார்கள். வராது. முகம் நிற்கும், பெயர் போய்விடும். அவர் சொன்ன கருத்து நிற்கும், சொன்ன வாக்கியம் போய்விடும். வாசனை, சத்தம், ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய நிமிடம் நடந்தது எதுவும் கோப்பில் இல்லை. மூன்று வாரம் கழித்து எழுத உட்காரும்போது அந்த ஓட்டைகளை மனசே இட்டு நிரப்பிவிடும். அதில் கண்டது எது, நிரப்பியது எது என்று எழுதுகிறவருக்கே பிரிக்கத் தெரியாது.

1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிபோமோவில் பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில், புகைப்படக்காரர் டோரத்தியா லாங் ஒரு தாயைக் குழந்தைகளோடு படம் எடுத்தார். 1930களில் அமெரிக்காவை உலுக்கிய பொருளாதாரப் பெருமந்தக் காலத்துக்கே அடையாளமாகிப்போன படம் அது. மக்கள் பேசியதைக் கவனமாகக் குறித்துவைக்கும் பழக்கமுள்ள லாங், அன்று அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்ற தகவலும் படத்தோடு சேர்ந்து பரவியது. அந்தப் பெண் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 42 ஆண்டுகள் கழித்து, 1978இல்தான் வெளியே தெரிந்தது. டயர் விற்றதாகச் சொல்லப்பட்டதை அவர் குடும்பம் மறுத்தது. தேர்ந்த கைக்கே ஒரு நாள் இப்படி நேர்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, ஒரு பென்சில்; பல பேனாக்களின் மை ஈரத்தில் கரைந்துவிடும். ஓர் இடத்தை விட்டு நகர்வதற்கு முன் ஐந்து வரிகள். பெயரை அவரையே எழுதச் சொல்லுங்கள். பலர் இருந்தால் இடமிருந்து வலமாக எழுதுங்கள். பிறகு இடம், அவர் சொன்ன ஒரு வாக்கியம் அவர் வாயில் வந்தபடியே, சட்டகத்துக்கு வெளியே இருந்த ஏதாவது ஒன்று, படத்துக்கு முன்னும் பின்னும் நடந்தது.

எந்தக் குறிப்பு எந்தப் படத்துக்கு என்பதில் அடுத்த சிக்கல். கோப்பு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலான கேமராக்களில் 9999க்குப் பிறகு எண் மறுபடி 0001இலிருந்து தொடங்கும். ஒரே எண்ணில் இரண்டு படங்கள் வந்து நிற்கும். அந்த இடத்தின் கடைசிப் படம் எடுத்ததும் நோட்டுப் பக்கத்தையே ஒரு படம் எடுத்துவிடுங்கள். நேர வரிசையில் அது தன் இடத்தில் தானாகப் போய் உட்காரும்.

காலையில் முதல் வேலையாக, போனின் கடிகாரத்தை விநாடி தெரிய ஒரு படம் எடுங்கள். கேமரா ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தால், மென்பொருளில் அன்றைய படங்கள் அத்தனையையும் ஒரேயடியாக முன்னே நகர்த்தலாம். இரண்டு கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம். இல்லாவிட்டால் சம்பவங்களின் வரிசையே குலைந்துவிடும்.

ஒலிப்பதிவு துணைக்குத்தான். ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத்தாக்க மூன்று, நான்கு மணி நேரம் போகும். அதனால் அந்தப் பதிவு பெரும்பாலும் கேட்கப்படாமலே கிடக்கும். ஐந்து வரிகளை அன்று தூங்குவதற்கு முன் முழு வாக்கியங்களாக விரித்து, படக் கோப்பின் விவரப் பகுதியில் (மெட்டாடேட்டா) சேருங்கள். ராக் (RAW) கோப்புகளுக்கு, அதாவது கேமரா பதியும் மூலக் கோப்புகளுக்கு, அந்த விவரம் பெரும்பாலும் எக்ஸ்எம்பி (XMP) என்ற தனிச் சிறு கோப்பில்தான் போய்ச் சேரும். ராக் கோப்பை மட்டும் வேறு டிஸ்க்குக்கு மாற்றி, சிறுகோப்பை விட்டுவிட்டால் எழுதியது அத்தனையும் போச்சு.

படம் சொன்னதையே எழுத்தும் சொல்வது

தச்சர் மரம் இழைப்பது படத்திலேயே தெரிகிறது. கீழே "தச்சர் மரம் இழைக்கிறார்" என்று எழுதி என்ன பயன்? அந்த மேசை மூன்றாம் முறையாகப் பழுதுக்கு வந்திருக்கிறது என்பது படத்தில் தெரியாது, அதை எழுதுங்கள்.

கேமராவிலேயே அழிப்பது

அந்தச் சின்னத் திரையை நம்பி எதையும் அழிக்காதீர்கள்.

அன்றிரவே தேர்ந்தெடுப்பது

பட்ட சிரமமெல்லாம் படத்தில் இருப்பதாகவே அன்றிரவு தோன்றும். மலையேறி எடுத்தது என்பதற்காக ஒரு சாதாரணப் படம் உள்ளே வந்துவிடும். நகல் எடுத்து வைத்துவிட்டு ஒரு வாரம் தொடாதீர்கள். புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க் 1955–56இல் அமெரிக்கா முழுக்கச் சுற்றி எடுத்தவை 27,000க்கு மேல். புத்தகத்துக்குப் போனவை 83. உங்கள் படங்களில் நாற்பதைச் சிறிய அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு படங்கள் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். பன்னிரண்டுக்கு வரும்வரை விடாதீர்கள்.

கட்டுரையை முடித்துவிட்டுப் படங்களைச் செருகுவது

தரையில் மிஞ்சிய பன்னிரண்டையும் முதலில் வரிசைப்படுத்துங்கள். அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு துண்டுச் சீட்டை வைத்து, இதிலிருந்து அதற்குப் போக வாசகருக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத ஒன்றுமே வராத இடத்தில் சீட்டை எடுத்துவிடலாம். அங்கே படங்களே போதும். மற்ற சீட்டுகளில் இருப்பவைதான் பத்திகளாக வளர வேண்டியவை. அவற்றுக்கான பெயர்களும் பேச்சும் நோட்டில் இருக்கும்.