மழைக்காலச் சிறுகதைப் போட்டிக்கு எழுதுகிறீர்களா?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் 'மழை' என்று தலைப்புக் கொடுத்தால் பலரும் 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்த தானே புயலைத்தான் எழுதுவார்கள். எழுதலாம், தப்பில்லை. ஆனால் புயல் முழுவதையும் சொல்லப் போகாதீர்கள். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு சாய்ந்து கிடக்கிறது. அதை விறகுக்கு விலை பேச ஒருவர் வந்து நிற்கிறார். தோப்புக்கார அம்மா என்ன விலை சொல்வார்? அந்தப் பேரம் ஒன்றே ஒரு சிறுகதைக்குப் போதும்.

எழுதி முடித்ததும் முதல் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். வானம் கறுத்தது, காற்று வீசியது எல்லாம் பெரும்பாலும் அந்த முதல் பத்தியில்தான் இருக்கும். அது இல்லாமலும் கதை புரிந்தால், தயங்காமல் வெட்டிவிடுங்கள். அப்புறம் உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். தேவனாம்பட்டினத்து மீனவர் செய்தித்தாள் தமிழில் பேசினால் காதே காட்டிக்கொடுத்துவிடும்.

விதிமுறைகளை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இளையோர் பிரிவுக்கு எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிடுகிறார்கள்? 'பிரசுரமாகாத கதை' என்று கேட்டிருந்தால், ஃபேஸ்புக்கில் போட்ட கதையும் தள்ளுபடியாகலாம். பெயர், முகவரியைத் தனித்தாளில் கேட்டால் கதைப் பக்கத்தில் பெயர் வேண்டாம். தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லாவிட்டால் கதை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

கடைசி இரவுவரை வைத்திருக்காதீர்கள். கார்த்திகை மழையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?