பந்தி அவசரத்தைக் கிண்டலடிக்க ஒரு லினோகட்

கல்யாண வீட்டில் ஒருவர் மோருக்குக் காத்திருக்கும்போதே, அவர் நாற்காலியைப் பிடித்தபடி அடுத்த பந்திக்காரர் நிற்பார். லினோகட் அச்சுக்கு, அதாவது லினோலியத் தகட்டைச் செதுக்கி, செதுக்காத பரப்பில் மை பூசித் தாளில் எடுக்கும் படத்துக்கு, அருமையான காட்சி இது.

வரையும்போது ஒன்றை மட்டும் பெரிதாக்குங்கள். ஐரோப்பிய மோகத்தில் தன் வேரை மறைத்தவர்களைக் கேலி செய்ய, மெக்சிகோவின் அச்சோவியர் ஹோசே குவாதலூப்பே போசாதாவுக்கு (1852–1913) ஒரு மண்டையோடும் இறகு வைத்த பெரிய தொப்பியும் போதுமாக இருந்தன. இங்கே நாற்காலியை இறுக்கிய விரல்கள் பெரிதாகட்டும். பந்தல், மேளம் எதுவும் வேண்டாம். கேலி பழக்கத்தின் மேல்தான். ஆளின் நிறத்தையோ பருமனையோ தொட்டால் படம் மட்டமாகிவிடும்.

15 × 20 செ.மீ. லினோ, 3.2 மி.மீ. தடிமன். டிரேசிங் தாளில் 4பி பென்சிலால் வரைந்து, கவிழ்த்து வைத்துத் தேயுங்கள். லினோவில் இடவலமாக விழும் படம் அச்சில் நேராக வரும். ‘மோர்’ என்று எழுத்து சேர்ப்பதானால் உயரம் 12 மி.மீ.க்குக் குறையக்கூடாது, சிறுத்தால் சுழிகள் மையில் அடைபடும். கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்தாகச் செதுக்குவதே நல்லது. புள்ளிக்கு உளியை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். கறுப்புப் புள்ளியாக விட்டால் தெறித்துவிடும்.

லினோவைப் பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் இளகும். ஓரங்களை ‘வி’ உளியாலும் அகலப் பரப்பை ‘யு’ உளியாலும் எடுங்கள். ஆழம் 1 முதல் 1.5 மி.மீ. அடியிலுள்ள சாக்குத் துணி தெரிந்தால் அதிகம். கோட்டுக்கு அடியில் குடையாதீர்கள், அழுத்தும்போது உதிரும். பிடித்திருக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும்.

அதிகம் கெடுவது மை பூசும்போதுதான். எண்ணெய் மையைக் கண்ணாடியில் மெல்லியதாகப் பரப்பி ரோலரை உருட்டினால் ‘சர்’ரென்று மென்மையாகச் சத்தம் வரவேண்டும். சளசளவென்று ஒட்டி, பரப்பு ஆரஞ்சுத் தோல்போலத் தெரிந்தால் மை கூடுதல். விரல் இடுக்குகள் அடைந்துபோகும். லினோவில் ஒரே தடவை தடவாமல், மூன்று நான்கு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். தண்ணீர் மை நம் வெயிலுக்குப் பாதியிலேயே காய்ந்துவிடும்.

80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளை மேலே வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். தாள் நகர்ந்தால் கோடு இரட்டையாகும். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளுத்த இடத்தில் மறுபடி தேய்க்கலாம். முதல் இரண்டு மூன்று பிரதிகள் வெளுத்தே வரும்; அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

தொங்கவிட்டு நன்றாகக் காய்ந்தபின் பென்சிலால் கீழே இடப்பக்கம் 3/20 (இருபதில் மூன்றாவது) என்று பிரதி எண், வலப்பக்கம் கையெழுத்து, நடுவில் தலைப்பு: ‘இன்னும் மோர் வரல’.