கார்டை இறக்கும்போது ‘ஸ்கிப்’ அடிக்காதீர்கள்

போன வாரம் கும்பகோணம் பக்கம் ஒரு மண்டபம். ரிசப்ஷன் முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஃபோட்டோ எடுக்கிற எங்களுக்கு ஒதுக்கிய சின்ன அறையில் புதிதாகச் சேர்ந்த பையன் லேப்டாப்பில் கார்டை, அதாவது கேமராவின் மெமரி கார்டில் இருந்த படங்களை, இறக்கிக்கொண்டிருந்தான். இலையில் இருந்து எழுந்து கை கழுவிவிட்டு நான் உள்ளே போனபோது திரையில் அந்தப் பெட்டி நின்றுகொண்டிருந்தது. இதே பெயரில் ஏற்கெனவே 307 ஃபைல்கள் இருக்கின்றன, என்ன செய்யட்டும் என்று கேட்கிற பெட்டி. பையனுடைய அம்புக்குறி ‘ஸ்கிப்’ மேல் போய் உட்கார்ந்துவிட்டது. “டேய், கையை எடு” என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அதே பொத்தானை நான் ஒருமுறை அழுத்தியிருக்கிறேன். அழுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்திருக்கிறேன்.

கல்யாண ஃபோட்டோகிராஃபிக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது, சார்ஜ் போட மறப்பது இதையெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒருமுறை அசிங்கப்பட்டால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். அன்றைக்குத் தெரியாமல், ஆல்பம் போட உட்காரும்போதுதான் தெரிகிற தவறுகளைப் பற்றியே பேச்சு.

‘ஸ்கிப்’ அடிப்பது

முதலில் ஒரே பெயரில் எப்படி இரண்டு படம் வருகிறது என்று பார்த்துவிடலாம். கேமராக்கள் ஃபைலுக்குப் பெயர் வைப்பதற்கு ஒரு பொது விதி இருக்கிறது: மொத்தம் எட்டே எழுத்து, அதில் கடைசி நான்கு எண். அதனால்தான் நிக்கானில் டிஎஸ்சி என்று தொடங்கி ஒரு கோடு போட்டு நான்கு எண், கேனானில் ஐஎம்ஜி என்று தொடங்கி அதே மாதிரி நான்கு எண். 0001-இல் ஆரம்பித்து 9999 வரை போகும். அப்புறம் மறுபடி 0001. ஒரு கல்யாணத்துக்கு ஒரு கேமராவில் மூவாயிரம் படம் தட்டுகிறவருக்கு நாலாவது கல்யாணத்திலேயே எண் சுற்றி வந்துவிடும். ஒரே கம்பெனி கேமரா இரண்டை வைத்துக்கொண்டு இரண்டு பேர் எடுத்தால் சுற்றி வரவே வேண்டாம், முதல் நாளே மோதும்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆவணி மாதம். அடுத்தடுத்த நாள் முகூர்த்தம், இரண்டு ஊர். முதல் கல்யாணத்தின் முந்தின நாள் ரிசப்ஷனை அசிஸ்டென்ட் தம்பி அவனுடைய கேமராவில் எடுத்தான். அந்தக் கார்டை இரவே இறக்கியாகிவிட்டது. பெண் மாப்பிள்ளை பெயரில் ஒரு ஃபோல்டர், எல்லாம் அதற்குள். அவன் படங்கள் 4700-இல் முடிந்திருந்தன. மறுநாள் காலை என் கேமராவின் எண் 4480-இல் தொடங்கியது. இதை அன்றைக்கு யார் பார்த்தார்கள்?

முகூர்த்தம் முடிந்தது. அடுத்த ஊருக்கு வேன் கிளம்புகிற அவசரம். என் கார்டில் 1,146 படம். எடுத்து அதே ஃபோல்டருக்குள் போட்டேன். 221 ஃபைல்கள் அதே பெயரில் இருக்கின்றன என்றது பெட்டி. நேற்று ராத்திரியே தம்பி கொஞ்சம் இறக்கிவிட்டான் போலிருக்கிறது, இருக்கிறதை எதற்கு இன்னொரு தடவை ஏற்றுவானேன் என்று ‘ஸ்கிப்’ கொடுத்தேன். எனக்கு எரிச்சல் தருவது இந்த இடம்தான். அந்தப் பெட்டியில் ‘ரீப்ளேஸ்’ பயமுறுத்துகிற மாதிரி இருக்கும், ‘ஸ்கிப்’ சாது மாதிரி இருக்கும். எதுவும் அழியாது என்று தோன்றும். அது உண்மைதான், கம்ப்யூட்டரில் எதுவும் அழியாது. கார்டில் இருப்பது ஏறாது, அவ்வளவுதான். அதை அழிக்கிற வேலையை ஃபார்மேட் அடித்து நாமே செய்துகொள்வோம்.

விண்டோஸ் அந்தப் பெட்டியைக் காட்டும்போது பெயரை மட்டும்தான் பார்க்கிறது. உள்ளே இருப்பது தாலியா தாம்பூலப் பையா என்று அதற்குத் தெரியாது.

மறுநாள் காலை அந்தக் கார்டை ஃபார்மேட் அடித்து அடுத்த கல்யாணத்துக்குப் போட்டேன். எழுநூறு படத்துக்கு மேல் எடுத்தேன். பதினைந்து நாள் கழித்து ஆல்பத்துக்குப் படம் பொறுக்க உட்கார்ந்தபோது காசி யாத்திரையும் இல்லை, மாலை மாற்றலும் இல்லை, ஊஞ்சலும் இல்லை. முதலில் தம்பியைத் திட்டினேன். அப்புறம்தான் எண்களைப் பார்த்தேன். 4701-இல் தொடங்கி ஒழுங்காக இருந்தன, 925 படங்கள்.

மீட்டெடுக்கிற சாஃப்ட்வேர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சாதாரண ஃபார்மேட்டில் படம் உடனே போய்விடாது. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்கிற பட்டியல்தான் காலியாகிறது. மேலே வேறு எதுவும் எழுதாதவரை ஃபோட்டோரெக் மாதிரி இலவச மென்பொருளே தோண்டி எடுத்துவிடும். ஆனால் என் கதையில் தவறிப்போனவை கார்டின் முதல் 221 படங்கள். ஃபார்மேட் அடித்த கார்டில் அடுத்த கல்யாணம் போய் உட்கார்ந்ததும் அதே முதல் வரிசையில். ராத்திரி முழுக்க ஓடவிட்டதில் நானூற்றுச் சொச்சம் படம் மீண்டு வந்தது. பெயர் கிடையாது, வெறும் எண். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாமே என்னிடம் ஏற்கெனவே இருந்தவை.

வீடியோக்காரரிடம் கெஞ்சி மாலை மாற்றலில் இருந்து சில ஃப்ரேம்களை வாங்கினேன். ஃபுல் எச்டி வீடியோவில் ஒரு ஃப்ரேம் என்பது இரண்டு மெகாபிக்சல். 12-க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட்டில் அதைப் பெரிதாக வைக்க முடியாது, மூலையில் சின்னதாகத்தான் வைக்கலாம். பெண்ணின் தாய்மாமா அறுபதைத் தாண்டியவர், முழங்காலில் பெல்ட் கட்டிக்கொண்டு மருமகளைத் தோளில் தூக்கியிருந்தார். அதை நான் நல்ல இடத்தில் நின்று எடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வீடியோவில் அவர் முகத்தின் மேல் மாலை விழுந்து மறைத்திருந்தது. ஆல்பம் வாங்க அவரும் கடைக்கு வந்தார். அந்தப் பக்கத்தைத் திருப்பினார், அடுத்ததைப் பார்த்தார், மறுபடி பின்னால் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. பாக்கிப் பணத்தை நானும் கேட்கவில்லை.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். கையை எடுத்தவன் கேட்டான்: “அப்போ ரீப்ளேஸ் குடுக்கவாண்ணே?”

அது இன்னும் மோசம். ‘ஸ்கிப்’ கொடுத்தால் புதுசு ஏறாது, கார்டிலாவது இருக்கும். ‘ரீப்ளேஸ்’ கொடுத்தால் பழசு அங்கேயே காலி, அந்தக் கார்டை ஏற்கெனவே அழித்திருந்தால் அதோடு கதை முடிந்தது. மூன்றாவதாக, இரண்டு ஃபைலையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வழி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் தேதியும் அளவும் தெரியும். இரண்டு பக்கமும் டிக் போட்டால் புதியதன் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்து இரண்டையும் வைத்துக்கொள்ளும். ஆனால் நான் அதையும் செய்வதில்லை. பெட்டி வந்தாலே ‘கேன்சல்’. ஏன் வந்தது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வேலை.

உண்மையில் அந்தப் பெட்டி வரவே கூடாது. ஒரு கார்டுக்கு ஒரு ஃபோல்டர். தேதி, யார் கேமரா, எத்தனையாவது கார்டு, இந்த மூன்றும் பெயரில் இருக்க வேண்டும். எத்தனை ஃபோல்டர் ஆனாலும் ஆகட்டும், வீட்டுக்கு வந்து சேர்த்துக்கொள்ளலாம். பல மாடல்களில் பெயரின் முதல் மூன்று எழுத்தை மெனுவில் மாற்ற முடியும். என் கேமராவில் என் பெயரின் எழுத்துகள், தம்பி கேமராவில் அவனுடையவை. ஐந்து நிமிஷ வேலை. அதே மெனு பக்கத்தில் எண் தொடர்ந்து போகட்டுமா, கார்டு மாற்றினால் முதலில் இருந்து தொடங்கட்டுமா என்று கேட்கிற செட்டிங் இருந்தால் ‘தொடர்ந்து’ என்பதில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கார்டும் 0001-தான். ஒரே கார்டுக்குள்ளும் இந்த வம்பு உண்டு. எண் 9999-ஐத் தாண்டினால் கேமரா இரண்டாவது ஃபோல்டர் திறக்கும். படங்களை மட்டும் அள்ளி ஒரே இடத்தில் கொட்டினால் மோத வாய்ப்பிருக்கிறது. அதனால் கார்டில் உள்ள ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போடுங்கள்.

இறக்கி முடித்ததும் எண்ணுங்கள். கார்டில் எத்தனை ஃபைல், ஃபோல்டரில் எத்தனை ஃபைல், இரண்டு பக்கமும் எத்தனை பைட். அன்றைக்கு நான் இதைப் பார்த்திருந்தால் 1,146-க்கு 925-தான் புதிதாக ஏறியிருக்கிறது என்று கண்ணில் அடித்திருக்கும். பத்து விநாடி ஆகியிருக்கும். படங்களைத் திருத்துகிற லைட்ரூம் மென்பொருளில் நேரடியாக இம்போர்ட் செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு அதிகம். அது பெயரோடு எடுத்த நேரத்தையும் ஃபைலின் அளவையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரே படம் என்று முடிவு செய்கிறது. இருந்தாலும் எண்ணுங்கள்.

இரண்டு ஸ்லாட் வாங்கிவிட்டு ஒன்றாகப் பயன்படுத்துவது

இரண்டு கார்டு போடுகிற கேமராவுக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். செட்டிங்கைத் திறந்து பார்த்தால் ஒன்று நிரம்பிய பிறகு இன்னொன்று என்று இருக்கிறது. பல கேமராக்கள் அப்படித்தான் வருகின்றன. அதை ‘பேக்கப்’ என்று மாற்றுங்கள், ஒவ்வொரு படமும் இரண்டிலும் எழுதப்படும். இரண்டாவது கார்டு மெதுவானதாக இருந்தால் தொடர்ந்து தட்டும்போது கேமரா அதற்காகக் காத்து நிற்கும். ஆகவே இரண்டும் ஒரே வேகத்தில் இருக்கட்டும்.

என் பழைய கேமராவில் ஒரே ஸ்லாட். இரண்டு ஸ்லாட் இருந்து ‘பேக்கப்’பில் வைத்திருந்தால் மாமாவின் முகம் இன்னொரு கார்டில் இருந்திருக்கும். அடுத்த மாதமே கடன் வாங்கிக் கேமராவை மாற்றினேன்.

கம்ப்யூட்டரில் ஃபார்மேட் அடிப்பது

கேமராவிலேயே அடியுங்கள்.

தவறி அழித்துவிட்டு மேற்கொண்டு எடுப்பது

அழித்தது தெரிந்த அந்த நொடியே கார்டை வெளியே எடுத்துப் பையில் போட்டு ஜிப்பை மூடுங்கள். இன்னும் பத்தே படம்தான் என்று தட்டுகிற பத்துப் படம் எதன் மேல் போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. மீட்கும்போதும் மீண்டு வருகிற படங்களை அதே கார்டில் சேமிக்காதீர்கள். அப்படிச் செய்த ஒருவரை நேரில் பார்த்திருக்கிறேன்.

கார்டின் முகத்தில் இருக்கிற பெரிய எண்ணை நம்புவது

பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம், அதாவது கார்டில் இருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற வேகம். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். அதற்குச் சின்னதாக ‘வி’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். வி30 என்றால் விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும், வி60 என்றால் 60. கேமரா மெனுவில் வீடியோவுக்கு 100 எம்பிபிஎஸ் என்று இருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் விலை உயர்ந்த கார்டு வாங்குகிறவர்கள் உண்டு. அது மெகாபிட். எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட்தான், வி30 கார்டே தாராளம். ஏ1, ஏ2 என்று போட்டிருந்தால் அது ஃபோனில் ஆப் ஓடுவதற்கான கணக்கு, நமக்குச் சம்பந்தமில்லை.

பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்குவது

போலிக் கார்டு 256 ஜிபி என்று பொய் சொல்லும், உள்ளே 16 ஜிபி இருக்கும். நிரம்பிய பிறகும் எழுதுகிற மாதிரியே நடிக்கும். முழுக்க நிரப்பிப் படித்துப் பார்த்தால்தான் மாட்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் அதற்குத்தான் இருக்கிறது. புதுக் கார்டு எங்கே வாங்கியதானாலும் முதல் ராத்திரி அதை ஓடவிட்டுத்தான் நான் தூங்கப் போவேன்.

சட்டைப் பையில் கார்டு

வாஷிங் மெஷின்.

பூட்டுக் குச்சியைப் பார்த்துப் பதறுவது

கார்டின் பக்கவாட்டில் இருக்கிற சின்னக் குச்சி கீழே இறங்கியிருந்தால் கேமரா எழுத மாட்டேன் என்று சொல்லும். கார்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். குச்சி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஸ்லாட்தான் தொட்டுப் பார்க்கிறது. கார்டுக்கே அது தெரியாது, பழைய ஆடியோ கேசட்டின் முதுகில் இருந்த பல் மாதிரிதான். குச்சி உடைந்து விழுந்துவிட்டாலும் பூட்டிய கார்டாகவே தெரியும். ஒருமுறை கெட்டிமேளத்துக்குக் கால் மணி முன்னால் எனக்கு அப்படி உடைந்தது. பந்தல்காரரிடம் செல்லோ டேப் கேட்டு, நகத்தளவு கிழித்து அந்தப் பள்ளத்தின் மேல் ஒட்டிச் செருகினேன். எழுதியது. முழு முகூர்த்தமும் அதில்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு காப்பி போட்டு, எண்ணிப் பார்த்துவிட்டு, டேப்போடு அந்தக் கார்டை மேஜை டிராயரில் போட்டேன். இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது, ஃபார்மேட் அடிக்கவில்லை.