கழன்றுகொண்டே இருந்த சிலிகான் மூடி

யாங்கூனில் மின்சாரம் போய்ப் போய் வருவதால், மீந்த குழம்பை ஃபிரிட்ஜில் வைத்தாலும் நம்பிக்கை வருவதில்லை. பிளாஸ்டிக் தாளை விட்டு, இழுத்து மாட்டும் சிலிகான் மூடிகளுக்கு மாறினேன். எவர்சில்வர் பாத்திரத்தில் மட்டும் அவை பொசுக்கென்று கழன்றன. விளிம்பில் இருந்த ஈரமும் எண்ணெயும்தான் காரணம். இப்போது விளிம்பைத் துணியால் துடைத்து, எதிரெதிராக இழுத்து மாட்டி, நடுவில் லேசாக அழுத்திக் காற்றை வெளியேற்றுகிறேன். பிடி விடுவதில்லை.

சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் படிந்து, சொட்டுச் சொட்டாகச் சோற்றிலேயே விழும். அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். சோற்றில் வளரும் சில கிருமிகளின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

மூடியில் ஏறும் ஙப்பி (மீனையோ இறாலையோ நொதிக்கவைத்துச் செய்யும் பர்மிய விழுது) வாடை தனிக்கதை. சோப்பு அதை அசைக்கவே இல்லை. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, இரவு முழுக்க விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்ததும் பெருமளவு அடங்கியது. மாமியார் ஒரு மூடியை ஙப்பிக்கென்றே ஒதுக்கிவிட்டார், அதுவே புத்திசாலித்தனம்.

உணவைச் சுற்றி வைக்கும் தேன்மெழுகு பூசிய துணி ரொட்டிக்கும் நறுக்கிய வெள்ளரிக்கும் நல்லது. ஆனால் மெழுகு சுமார் 62 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்குவதால் வெந்நீர் ஆகாது. பச்சை மீனுக்கு அதைப் பயன்படுத்துவதே இல்லை.