நூலும் இரண்டு நட்டுகளும் போதும்: வகுப்பறையில் தனி ஊசல் சோதனை

ஆய்வகம் இல்லாத பள்ளியிலும் மாணவர்கள் தங்கள் கையாலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளுள் தனி ஊசலுக்கு இணையானது அரிது என்பது என் உறுதியான கருத்து. நூலின் ஒரு முனையில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டி, மறுமுனையைச் சன்னல் கம்பியில் அசையாதவாறு பிணைத்து, தொங்கும் புள்ளியிலிருந்து நட்டின் மையம் வரை சரியாக 100 செ.மீ. இருக்கும்படி அமைக்க வேண்டும். அதை 10 பாகைக்கு மிகாமல் விலக்கி விட்டு, 20 அலைவுகளுக்கான (நட்டு மறுபக்கம் சென்று புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது ஓர் அலைவு) நேரத்தைக் கைப்பேசியில் அளந்தால் ஏறக்குறைய 40 வினாடிகள் கிடைக்கும். ஓர் அலைவை மட்டும் அளந்தால், பொத்தானை அழுத்துவதில் ஏற்படும் சிறு தாமதமே விடையைக் கெடுத்துவிடும். இருபதால் வகுக்கும்போது அந்தப் பிழையும் இருபதில் ஒரு பங்காகிறது. கடிகாரத்தைத் தொடங்கும் நொடியில் ‘ஒன்று’ என எண்ணாமல் ‘பூச்சியம்’ என எண்ண வேண்டும். இல்லையெனில் 19 அலைவுகளே கணக்கில் சேரும்.

எடையை இரு மடங்காக்கினாலோ, நீளத்தை 25 செ.மீ. ஆகக் குறைத்தாலோ என்ன நிகழும் என்ற தம் ஊகத்தை மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிய பிறகே சோதிக்க வேண்டும். ஆசிரியர் விடையை முன்னதாகச் சொல்லிவிடக் கூடாது. எடை கூடியும் நேரம் மாறாததையும், நீளம் கால் பங்கானால் நேரம் பாதியாவதையும் அவர்களே கண்டறியட்டும். இரண்டாவது நட்டை முதலாவதன் கீழே தொங்கவிட்டால் ஊசலின் நீளமே கூடிவிடும் என்பதால், இரண்டையும் ஒரே மட்டத்தில் சேர்த்துக் கட்ட வேண்டும்.