எதிர்நாயகன் கதையில் சறுக்கும் இடங்கள்

குறும்படம் எடுக்க வரும் இளைஞர்கள் பலருக்கும் இப்போது மனம் சிதைந்த ஒருவனை நாயகனாக்கும் கதைதான் வேண்டும். ஆசையில் தவறில்லை. ஆனால் கதையைக் கையில் வாங்கினால், சிறுவயதில் அப்பா பெல்ட்டால் அடிக்கும் காட்சி முதல் சில பக்கங்களிலேயே வந்துவிடுகிறது. அதன்பின் அவன் என்ன செய்தாலும் அந்த பெல்ட்தான் விடை.

மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கி, பால் ஷ்ரேடர் எழுதிய ‘டாக்ஸி டிரைவர்’ (1976) இதற்கு நேர் எதிர். வேலை கேட்டு வரும் டிராவிஸ் பிக்கிள் இரவில் தூக்கம் வருவதில்லை என்கிறான். அமெரிக்க மரைன் படையிலிருந்து 1973இல் விடுவிக்கப்பட்டதாகச் சொல்கிறான். அவ்வளவுதான். போர்க்களத்தைக் காட்டும் ஒரு காட்சிகூடக் கிடையாது. முதுகில் ஒரு தழும்பு தெரிகிறது. எப்படி வந்தது என்று யாரும் விளக்குவதில்லை. காரணம் கைக்குக் கிடைத்துவிட்டால் பார்வையாளர் அவனைக் கவனிப்பதை விட்டுவிடுவார்.

இதைவிடப் பெரிய தவறு, அவன் வாயால் சொல்வதையெல்லாம் கதையே நம்புவது. பின்னணிக் குரலை எழுதுபவர்கள் அதை உண்மையின் குரலாகவே எழுதிவிடுகிறார்கள். டிராவிஸ் தன் பெற்றோருக்கு அனுப்பும் வாழ்த்து அட்டையைப் பாருங்கள். அரசாங்கத்துக்காக ரகசியமான வேலை செய்வதாகவும், பெட்ஸி என்ற பெண்ணோடு சில மாதங்களாகப் பழகுவதாகவும் அதில் எழுதுகிறான். அந்தப் பெண்ணோ அவனை உதறிவிட்டுப் போய்விட்டாள். முதன்முதலில் படம் பார்க்க அழைத்துப்போனவன் ஆபாசப் படம் ஓடும் தியேட்டருக்குள் கூட்டிப்போனால் வேறென்ன நடக்கும்? அவன் அனுப்பிய பூங்கொத்துகள் திரும்பி வந்து அவன் அறையிலேயே வாடிக் கிடக்கின்றன. குரல் ஒன்று சொல்ல, அறை வேறொன்று சொல்கிறது. அந்த இடைவெளியில்தான் பாத்திரம் இருக்கிறது.

பரிதாபத்தைக் கறக்கும் ஆசையும் அடக்கப்பட வேண்டியது. பெட்ஸியிடம் மன்றாட டிராவிஸ் பொதுத் தொலைபேசியில் பேசுகிறான். நம் ஊர் இயக்குநர் என்றால் அவன் கண்களுக்கு அருகே கேமராவைக் கொண்டுபோய், கீழே ஒரு வயலினையும் ஓடவிடுவார். இங்கே கேமரா அவனை விட்டு மெல்ல நகர்ந்து, பக்கத்திலிருக்கும் வெறும் நடைக்கூடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவனுடைய அவமானம் நம் காதில் மட்டும் விழுகிறது.

சுற்றியிருப்பவர்களை அட்டைப் பொம்மைகளாக்கி இவனை உயர்த்துவது மலிவான வழி. பாலியல் தொழிலில் சிக்கியிருக்கும், டிராவிஸ் ‘காப்பாற்ற’ நினைக்கும் சிறுமி ஐரிஸ், ஜாம் தடவிய ரொட்டியின் மேல் சர்க்கரையைக் கொட்டித் தின்றபடியே அவனைக் கிண்டல் செய்கிறாள். அவளுக்கென்று ஒரு வாய் இருக்கிறது. தமிழில் 1954லேயே ‘அந்த நாள்’ இதைச் செய்திருக்கிறது. சிவாஜி நடித்த ராஜன், தன் கண்டுபிடிப்பைச் சொந்த நாடு மதிக்கவில்லை என்ற குமுறலில் எதிரிக்கு உளவு சொல்கிறான். குமுறல் நியாயமானது, ஆனாலும் படம் அதோடு அவனை விட்டுவிடவில்லை. பண்டரிபாய் நடித்த உஷா, அவன் மனைவி, அவனுக்கு எதிரே நிற்கிறாள்.

முடிவில் கைதட்டலை எண்ணி எழுதாதீர்கள். டிராவிஸ் முதலில் கொல்லப் போனது ஒரு அரசியல் வேட்பாளரை. பாதுகாவலர்கள் கவனித்துவிட்டதால் ஓடிப்போகிறான். அதே துப்பாக்கிகளோடு ஐரிஸ் இருக்கும் விடுதிக்குப் போய்ச் சுடுகிறான். பத்திரிகைகள் அவனை வீரன் என்கின்றன. அந்தத் தலைப்புச் செய்திகளைப் படமும் ஒப்புக்கொள்கிறது என்று நினைப்பவர்கள், அந்த வேட்பாளர் தப்பியிருக்காவிட்டால் என்ன தலைப்பு வந்திருக்கும் என்று யோசிக்கவில்லை.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘ரேஜிங் புல்’ (1980) படத்துக்காக, டிராவிஸாக நடித்த ராபர்ட் டி நீரோ ஏறக்குறைய 27 கிலோ எடை கூட்டியதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இங்கேயும் நடிகர் மொட்டை போட்ட செய்தி, எழுத்து முடிவதற்கு முன்பே சுவரொட்டியில் வந்துவிடுகிறது. டிராவிஸ் பக்கவாட்டில் மழித்த தலையோடு வருவது படத்தின் பிற்பகுதியில்தான். அதுவரை அவன் தலை வாரிய, கூச்சத்தோடு சிரிக்கிற, பக்கத்து வீட்டுப் பையன்.